ஒரு கிண்ணம், இரண்டு காரம்

தென்மேற்குச் சீனாவில் சோங்சிங், மலையும் படிக்கட்டுமாக இருக்கிற ஊர். அங்கே காலைப் பலகாரம் என்றால் பெரும்பாலும் 'சியாவ்மியன்'தான். 'சின்ன நூடுல்ஸ்' என்று பொருள். கடை என்று பெரிதாக ஒன்றும் இருக்காது. கொதிக்கிற அண்டா ஒன்று, மசாலா வரிசை ஒன்று, அவ்வளவுதான். பல கடைகளில் மேசைகூடக் கிடையாது. உயரமான பிளாஸ்டிக் ஸ்டூல்மேல் கிண்ணத்தை வைத்து, குட்டை ஸ்டூலில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும். கடைக்காரரிடம் 'எர் லியாங்' என்றால் நூறு கிராம். 'தி ஹுவாங்' என்றால் நூடுல்ஸைக் குழையவிடாமல் சட்டென்று எடுத்துவிடு என்று அர்த்தம்.

நூடுல்ஸ் வேகும்போதே கிண்ணம் தயாராகிவிடும். சோயா சாஸ், பூண்டுத் தண்ணீர், இஞ்சித் தண்ணீர், பன்றிக்கொழுப்பு, பொடியாக நறுக்கிய ஊறுகாய்க் கீரை, அதன்மேல் ஒரு கரண்டி சிவந்த மிளகாய் எண்ணெய், ஒரு சிட்டிகை சிச்சுவான் மிளகுப் பொடி.

தமிழில் 'காரம்' என்ற சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. ஒன்று மிளகாயில் இருப்பது, இன்னொன்று வேதியியல் பாடத்தில் அமிலத்துக்கு எதிரே நிற்பது. இந்தக் கிண்ணத்தில் இரண்டும் இருக்கின்றன.

முதலில் பாடப்புத்தகக் காரம். சோங்சிங் நூடுல்ஸ் மாவில் சோடியம் கார்பனேட் சேர்ப்பார்கள். நம் அப்பளக்காரத்துக்கு நெருங்கிய உறவு. அது மாவிலுள்ள குளூட்டன் புரத வலையை இறுக்கிவிடுவதால், கொதிக்கிற சூப்பில் கிடந்தாலும் நூடுல்ஸ் சீக்கிரம் குழையாது. லேசான மஞ்சள் நிறமும் அதன் வேலைதான். கோதுமையிலேயே இருக்கிற ஃபிளேவனாய்டுகள் காரம் பட்டால் மஞ்சளாகும். ஆரத்தித் தட்டில் சுண்ணாம்பு பட்டதும் மஞ்சள் சிவக்கிறதே, அந்த மாதிரி.

சரி, மிளகாய்க்கு வருவோம். இந்தக் காரம் உண்மையில் சுவையே அல்ல. நாக்கின் சுவை மொட்டுகளுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. வாயின் நரம்பு நுனிகளில் டிஆர்பிவி1 என்றொரு புரதம் இருக்கிறது. சூடு சுமார் 43 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் 'சுடுகிறது' என்று மூளைக்குச் சொல்வது அதன் வேலை. மிளகாயின் கேப்சைசின் அதில் ஒட்டிக்கொண்டால், நெருப்பே இல்லாமல் நெருப்புச் செய்தி போய்விடும். 1997-ல் இந்தப் புரதத்தை அடையாளம் கண்ட டேவிட் ஜூலியஸுக்கு 2021-ல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. சூப்பின் நிஜச் சூடும் கேப்சைசினின் பொய்ச் சூடும் ஒரே கதவைத் தட்டுவதால்தான், அதே கிண்ணம் ஆறிய பிறகு காரம் குறைந்த மாதிரித் தெரிகிறது.

கேப்சைசின் தண்ணீரில் அவ்வளவாகக் கரையாது, எண்ணெயில் கரையும். மிளகாயை எண்ணெயில் இறக்கிவைப்பது இதனால்தான். ஒவ்வொரு நூடுல்ஸிலும் எண்ணெய் ஒட்டிக்கொண்டு போய் வாயெல்லாம் பூசிவிடும். அப்புறம் எத்தனை டம்ளர் தண்ணீர் குடித்தாலும் பிரயோஜனமில்லை. பாலோ மோரோ என்றால் அதிலுள்ள கேசின் புரதம் கேப்சைசினைப் பிடித்து அகற்றும்.

இனிதான் தமிழில் சரியான பெயரில்லாத மூன்றாவது சங்கதி. சீனர்கள் மிளகாய் எரிச்சலை 'லா' என்பார்கள். உதடு மரத்து, சுருசுருவென்று அதிர்வதை 'மா' என்பார்கள். இரண்டும் சேர்ந்தால் 'மாலா'. 'மா' தருவது சிச்சுவான் மிளகு. பெயர்தான் மிளகு. உண்மையில் எலுமிச்சை, வில்வம், கறிவேப்பிலை எல்லாம் இருக்கிற குடும்பத்துச் செடி. எலுமிச்சை வாசம் வருவதில் அதிசயமில்லை. விதையைத் தூக்கிப்போட்டுவிட்டு மேல்தோலைத்தான் பொடிக்கிறார்கள். மிளகாய் அமெரிக்கக் கண்டங்களிலிருந்து வந்தது. சீன நூல்களில் அது தலைகாட்டுவதே 1591-ல்தான், அதுவும் அழகுச்செடியாக. இந்த மிளகோ இரண்டாயிரம் ஆண்டுக்கு முன்பே அங்கே புழக்கத்தில் இருந்தது.

இந்த மிளகின் தோலிலுள்ள சான்ஷூல் என்ற பொருள், நரம்புச் செல்லிலிருந்து பொட்டாசியம் கசியும் சில வாய்க்கால்களை அடைக்கிறது. அந்தக் கசிவுதான் நரம்பைச் சும்மா இருக்க வைப்பது. அது நின்றால் யாரும் தொடாமலே தொடு உணர்வு நரம்புகள் துடிக்க ஆரம்பிக்கும். 2008-ல் இதைச் சொன்ன குழுவிலும் அதே ஜூலியஸ் இருந்தார்.

எவ்வளவு வேகமாகத் துடிக்கிறது? 2013-ல் லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி ஆய்வாளர்கள் ஒரு சோதனை செய்தார்கள். உதட்டில் இந்த மிளகைத் தடவி, விரலில் ஓர் அதிர்வுக் கருவியைப் பொருத்தி, இரண்டில் எது வேகம் என்று கேட்டார்கள். விடை சுமார் 50 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு ஐம்பது அதிர்வு. நம் வீட்டு மின்சாரத்தின் கணக்கும் அதேதான். தற்செயல்தான், ஆனாலும் உதட்டில் மின்சாரம் ஓடுவதாக நினைத்துக்கொண்டால் அதிகத் தவறில்லை. ஆனால் உதடு அசைவதே இல்லை. கண்ணாடியில் பார்த்தால் சும்மா கிடக்கும்.

ஆகவே கடைக்காரரிடம் 'ஷாவ் லா', காரம் கம்மி, என்று மட்டும் சொல்லி நிம்மதியாக உட்கார்ந்துவிட முடியாது. மிளகாய் எண்ணெயைக் குறைப்பார், மிளகுப் பொடியில் கைவைக்க மாட்டார். 'ஷாவ் மா' என்றும் தனியாகச் சொல்ல வேண்டும்.