டெஸ்க்டாப் காலியா? கை ஃபார்மேட் பக்கம் போக வேண்டாம்

முகூர்த்த மாதம் நெருங்கினால் டிடிபி சென்டர்களிலிருந்து வரும் போன் இதுதான்: "சார், விண்டோஸ் பதினொன்னுக்கு மாத்தினேன், எல்லாம் போச்சுங்க. ஃபார்மேட் அடிச்சுடட்டுங்களா?" கேட்டுவிட்டு அடிப்பவர்கள் பரவாயில்லை. அடித்துவிட்டுக் கேட்பவர்கள்தான் அதிகம். கடைசியாக சேலம் செவ்வாய்ப்பேட்டையிலிருந்து வந்த சிபியூவும் அப்படித்தான். பல வருடக் கல்யாணப் பத்திரிகை டிசைன்கள் அதில் இருந்தன. ஃபார்மேட் போடும் நிமிடம்வரை பத்திரமாகவே இருந்தன.

விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்ததால் ஊரே 11-க்கு மாறிக்கொண்டிருக்கிறது. மாறுவது தப்பில்லை. மாறியதும் திரை வேறு மாதிரி தெரிவதை "சிஸ்டம் கெட்டுப்போச்சு" என்று எடுத்துக்கொள்வதுதான் தப்பு. லீ பஜாரில் ஒரு மண்டிக்காரர் போர்டைப் புதிதாக எழுதி, கல்லாவை இடமிருந்து வலத்துக்கு நகர்த்துகிறார். பின்னால் குடோனில் இருக்கிற மூட்டைகள் காணாமல் போய்விடுமா? ஸ்டார்ட் மெனு, டாஸ்க்பார், ஐகான் எல்லாம் போர்டும் கல்லாவும். உங்கள் ஃபைல்கள் குடோன். "ஃபைல்களை வைத்துக்கொள்" என்ற தேர்வோடு செய்த அப்கிரேட் குடோனைத் தொடுவதில்லை. ஃபார்மேட் என்பது குடோனைக் காலி செய்வது. ஆக, போர்டு பிடிக்கவில்லை என்று குடோனைக் கொளுத்துகிறீர்கள். பழைய ஹார்ட் டிஸ்க் என்றால் ஃபார்மேட்டுக்குப் பிறகும் கொஞ்சம் மீட்க வழியுண்டு. எஸ்எஸ்டியில் டிரிம் என்ற வேலை பின்னணியில் ஓடி, அழித்த இடத்தைச் சுத்தமாகத் துடைத்துவிடும். அதற்குப் பிறகு எந்தக் கடைக்குக் கொண்டுபோனாலும் உதட்டைத்தான் பிதுக்குவார்கள்.

டெஸ்க்டாப் காலியாகத் தெரிந்தால் முதலில் வெற்றிடத்தில் ரைட் கிளிக், வியூ, "ஷோ டெஸ்க்டாப் ஐகான்ஸ்" டிக் இருக்கிறதா பாருங்கள். சிரிக்காதீர்கள், இதற்காகவே சிபியூவை வண்டியில் கட்டிக்கொண்டு வருகிறவர்கள் உண்டு. அடுத்தது ஒன்டிரைவ், அதாவது ஃபைல்களை இணையத்தில் சேமிக்கும் மைக்ரோசாஃப்டின் இடம். மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழையும்போது வரும் பேக்கப் கேள்விக்குப் படிக்காமல் நெக்ஸ்ட் அழுத்தியிருப்பீர்கள். சி டிரைவ், யூசர்ஸ், உங்கள் பெயர், ஒன்டிரைவ், அதற்குள் இன்னொரு டெஸ்க்டாப் ஃபோல்டர் இருக்கும். எல்லாம் அங்கே குடியிருக்கும். இலவச இடம் 5 ஜிபிதான், பத்திரிகை டிசைன் செய்யும் கோரல் மென்பொருளின் ஃபைல்கள் இரண்டு நாளில் நிரப்பிவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள். மூன்றாவது, தற்காலிகக் கணக்கு. "உங்கள் கணக்கில் நுழைய முடியவில்லை" என்று ஒரு செய்தி வந்து, யூசர்ஸில் டெம்ப் என்ற ஃபோல்டர் தெரிந்தால், தயவுசெய்து அங்கே எதையும் சேமிக்காதீர்கள். லாக் ஆஃப் செய்ததும் அது போய்விடும். ஓரிரு முறை ரீஸ்டார்ட் செய்து பாருங்கள். சரியாகவில்லையா, தெரிந்தவரிடம் கொடுங்கள். விண்டோஸின் உள் அமைப்புகள் பதிவாகியிருக்கும் ரெஜிஸ்ட்ரியில் யூடியூப் பார்த்துக் கை வைக்க வேண்டாம்.

எழுத்தெல்லாம் பெரிதாக, மங்கலாகத் தெரிகிறதா? டிவைஸ் மேனேஜரில் டிஸ்ப்ளே அடாப்டர்ஸைத் திறங்கள். "மைக்ரோசாஃப்ட் பேசிக் டிஸ்ப்ளே அடாப்டர்" என்று இருந்தால் திரையை இயக்கும் மென்பொருளான கிராஃபிக்ஸ் டிரைவர் ஏறவில்லை, அவ்வளவுதான். விண்டோஸ் அப்டேட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், ஆப்ஷனல் அப்டேட்ஸில் தேடுங்கள். இல்லையென்றால் மாடல் எண்ணை வைத்துத் தயாரிப்பாளரின் தளத்திலிருந்து எடுங்கள். "உங்கள் டிரைவர்கள் பழையவை" என்று மிரட்டும் இலவச அப்டேட்டர்களை ஏற்றினால் இருக்கிற தலைவலியோடு விளம்பர வைரஸும் சேரும்.

டிரைவர் சரி, ஒரு பில்லிங் சாஃப்ட்வேர் மட்டும் மங்கல் என்றால் அந்த ஐகானில் ரைட் கிளிக், பிராப்பர்டீஸ், கம்பாட்டிபிலிட்டி, "சேஞ்ச் ஹை டிபிஐ செட்டிங்ஸ்", ஓவர்ரைடை டிக் செய்து "சிஸ்டம் என்ஹான்ஸ்டு" கொடுங்கள். "சேவ் பட்டனே வரலைங்க" என்பவர்களுக்குப் பெரும்பாலும் 1366க்கு 768 மானிட்டரில் ஸ்கேல் 125 சதவீதத்தில் நிற்கும். 100-க்கு இறக்கினால் பட்டன் மேலே வந்துவிடும்.

தமிழ் எழுத்துருக்கள்தான் சேலத்து அச்சகங்களைப் படுத்துகிற விஷயம். பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்த "தமிழ்" என்ற சொல், அந்த எழுத்துரு இல்லாத சிஸ்டத்தில் ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்றுதான் தெரியும். ஃபைல் கெடவில்லை, சட்டைதான் மாறியிருக்கிறது. மறுபடி இன்ஸ்டால் செய்யும்போது வெறும் "இன்ஸ்டால்" அழுத்தாதீர்கள். அது உங்கள் பயனர் கணக்குக்குள் மட்டும் போய் உட்காரும், பேஜ்மேக்கர் போன்ற பழைய மென்பொருள்களின் கண்ணில் படாது. "இன்ஸ்டால் ஃபார் ஆல் யூசர்ஸ்" கொடுங்கள். லதா எழுத்துருவைக் காணோம் என்றால் ஆப்ஷனல் ஃபீச்சர்ஸில் "தமிழ் சப்ளிமென்டல் ஃபான்ட்ஸ்" சேர்த்தால் வந்துவிடும்.

அப்படியும் கட்டம் கட்டமாகத் தெரிகிறதா? யாரோ யோசனை சொன்னார்கள் என்று கண்ட்ரோல் பேனல், ரீஜன், அட்மினிஸ்ட்ரேட்டிவ், "சேஞ்ச் சிஸ்டம் லோக்கேல்" போய் எல்லா மொழிக்கும் பொதுவான யூனிகோடு முறைக்கான யூடிஎஃப்-8 பீட்டாவை டிக் செய்திருப்பீர்கள். யூனிகோடுக்கு முந்தைய மென்பொருள்களுக்கு அது விஷம். எடுத்துவிட்டு ரீஸ்டார்ட் செய்யுங்கள். தமிழ்99 விசைப்பலகை விண்டோஸிலேயே இருக்கிறது. அதையும் போட்டு, தனி டைப்பிங் மென்பொருளையும் ஓடவிட்டால் "அ" அடித்தால் வேறெதுவோ வரும். ஒன்றை மட்டும் வையுங்கள்.

ஸ்டார்ட் பட்டன் நடுவில் இருப்பது பிடிக்கவில்லை என்றால் செட்டிங்ஸ், பெர்சனலைசேஷன், டாஸ்க்பார், டாஸ்க்பார் பிஹேவியர்ஸ், அலைன்மென்ட், லெஃப்ட். பழைய ரைட் கிளிக் மெனு வேண்டுமா, ஷிப்ட்டை அழுத்திக்கொண்டு ரைட் கிளிக். பில் வேறு பிரிண்டருக்குப் போனால் பிரிண்டர்ஸ் பக்கத்தில் "லெட் விண்டோஸ் மேனேஜ் மை டிஃபால்ட் பிரிண்டர்" என்பதை ஆஃப் செய்யுங்கள். இதற்கெல்லாம் சர்வீஸ் சார்ஜ் வாங்கவே கூச்சமாக இருக்கிறது.

சரிசெய்யவே முடியாதது ஒன்றுண்டு. 16 பிட் புரோகிராம்களை ஓடவைப்பது 32 பிட் விண்டோஸ்தான், விண்டோஸ் 11-இல் அந்தப் பதிப்பே கிடையாது. அதனால் விண்டோஸுக்கு முந்தைய டாஸ் காலத்து 16 பிட் புரோகிராம் நேரடியாக ஓடாது. கொலுசுப் பட்டறைகளில் இன்னும் டாஸ் கணக்குப் புரோகிராம் வைத்திருப்பவர்கள், அந்தச் சிஸ்டத்தை இன்டர்நெட் இல்லாமல் அப்படியே தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.

எதுவுமே ஒத்துவரவில்லையா? செட்டிங்ஸ், சிஸ்டம், ரிகவரி, "கோ பேக்". 10 நாள்தான் கெடு. இடம் வேண்டுமென்று, பழைய விண்டோஸ் இருக்கும் விண்டோஸ் டாட் ஓல்டு ஃபோல்டரை அழித்தவர்களுக்கு அந்த வழியும் கிடையாது.

இனி மாறப்போகிறவர்களுக்கு: டேட்டாவை வெளி ஹார்ட் டிஸ்க்கில் எடுங்கள். அதே டிஸ்க்கின் டி டிரைவ் பேக்கப் ஆகாது. எழுத்துரு ஃபைல்களையும் சாஃப்ட்வேர் லைசென்ஸ் கீகளையும் தனியாக எடுத்து வையுங்கள். ஆடி, ஐப்பசி மழையில் ஏற்காட்டு எஸ்டேட் ஆபீஸ்களிலும் ஹோம்ஸ்டேகளிலும் கரண்ட் எப்போது போகும் என்று சொல்ல முடியாது. யூபிஎஸ் பேட்டரி நிற்கிறதா என்று பார்த்துவிட்டு, லேப்டாப்பைச் சார்ஜரோடு வைத்து ஆரம்பியுங்கள். முகூர்த்தத்துக்கு முந்தின நாள் மட்டும் வேண்டவே வேண்டாம், ஆர்டர்களை முடித்துக் கொடுத்த பிறகு மாறிக்கொள்ளலாம்.