ஸ்டூகா: குத்திட்டுப் பாய்ந்த விமானம் மீண்டு எழுந்தது எப்படி?

கிடைமட்டமாகப் பறக்கும் விமானத்திலிருந்து விழும் குண்டு நேர்க்கீழே போகாது. விமானத்தின் வேகத்தோடு வளைந்தே இறங்கும். உயரமோ காற்றின் வேகமோ சற்றுப் பிசகினாலும் குறி தப்பும். விமானமே இலக்கை நோக்கிக் குத்திட்டுப் பாய்ந்தால், மூக்கு பார்க்கும் இடத்துக்கு ஏறக்குறைய நேராகக் குண்டும் போகும். ஹெர்மன் போல்மன் வடிவமைத்த, இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனி பயன்படுத்திய குண்டுவீச்சு விமானமான யுங்கர்ஸ் யூ 87, அதாவது ஸ்டூகா, இந்த ஒரு வேலைக்காகவே உருவானது.

1935 செப்டம்பரில் பறந்த முதல் மாதிரியில் இருந்தது பிரிட்டனின் ரோல்ஸ் ராய்ஸ் எஞ்சின் என்பது ஒரு வேடிக்கை. இரட்டை வால் கொண்ட அந்த மாதிரி 1936 ஜனவரியில் பாய்ச்சல் சோதனையின்போது வால் முறிந்து நொறுங்கியது. உள்ளே இருந்த இருவரும் இறந்தனர். பிறகு ஒற்றை வாலுக்கு மாறினார்கள்.

தாக்குதல் சுமார் 4,600 மீட்டர் உயரத்தில் தொடங்கும். காலடியில் உள்ள கண்ணாடிச் சன்னல் வழியே இலக்கு தெரிந்ததும் விமானி எஞ்சின் விசையைக் குறைப்பார், இறக்கைக்கு அடியிலுள்ள வேகத்தடைப் பட்டைகளைத் திறப்பார், விமானத்தைப் புரட்டி மூக்கைக் கீழே சாய்ப்பார். பக்கக் கண்ணாடியில் வரைந்த கோடுகளைத் தொடுவானத்தோடு ஒப்பிட்டால் சாய்வு தெரியும்: 60 முதல் 90 பாகை. பட்டைகள் இல்லையென்றால் வேகம் கட்டுக்கடங்காது. அவை இருந்தும் மணிக்கு 500 கி.மீ.யைத் தாண்டும்.

இதில் ஒரு சிக்கல். குண்டு தொங்குவது உடலின் அடியில். செங்குத்தாகப் பாயும்போது அதை அப்படியே விட்டால் சுழலும் முன்விசிறியில் மோதும். ஆகவே கவட்டை வடிவ உலோகக் கை ஒன்று குண்டை விசிறி வட்டத்துக்கு வெளியே தள்ளிவிட்டுத்தான் விடுவிக்கும்.

மீண்டெழுவதுதான் ஆபத்தான கட்டம். ஏறத்தாழ 450 மீட்டரில் உயரமானியின் விளக்கு எச்சரித்ததும் விமானி பொத்தானை அழுத்துவார். குண்டு விடுபடும், கூடவே தானியங்கிக் கருவி வாலிலுள்ள சிறு தகட்டைத் திருப்பி மூக்கை உயர்த்தும். அப்போது உடல் எடை ஆறு மடங்காகும். 70 கிலோ ஆள் 420 கிலோ கனப்பார். கண் இருண்டு தடுமாறினாலும் விமானம் தானே நிமிரும். ஆனால் எப்போதும் ஒரே உயரத்தில் நிமிர்ந்தால் தரைப் பீரங்கிகளுக்குக் குறிவைப்பது எளிது. அதனால் பல விமானிகள் கையாலேயே இயக்க விரும்பினார்கள்.

கருவி காப்பாற்றாத சூழலும் உண்டு. 1939 ஆகஸ்ட் 15 அன்று நாய்ஹாமர் பயிற்சிக் களத்தில் தரையை மூடிய மூடுபனிக்குள் பாய்ந்த 13 ஸ்டூகாக்கள் தரையில் மோதி 26 பேர் மாண்டனர்.

சக்கரத் தண்டில் காற்றில் சுழன்று ஊளையிட்ட சைரன் அச்சமூட்ட மட்டுமே. அது வேகத்தையும் குறைத்ததால் பின்னர் நீக்கினார்கள்.

பாய்ச்சலை முடித்து எழும் ஸ்டூகா மெதுவானது. மடங்காத சக்கரங்கள் அதை மேலும் இழுத்தன. 1940 ஆகஸ்டில், பிரிட்டன் மீது ஜெர்மனி நடத்திய வான்போரில், பிரிட்டனின் போர் விமானங்கள் இந்தத் தருணத்துக்காகவே காத்திருந்தன. ஆகஸ்ட் 18இன் பேரிழப்புக்குப் பிறகு ஸ்டூகாக்களை அந்தப் போரிலிருந்து பெரும்பாலும் விலக்கினார்கள். பின்னாளில் இரண்டு 37 மி.மீ. பீரங்கிகளோடு டாங்குகளை வேட்டையாடிய ஸ்டூகாவின் ‘ஜி’ வகையில் வேகத்தடைப் பட்டைகளே கிடையாது.