லோ-ஃபிடெலிட்டி ப்ரோட்டோடைப்: தமிழில் எப்படிச் சொல்வது?

ஒரு பொருளை இறுதியாக்கும் முன் சோதித்துப் பார்ப்பதற்காகச் செய்வதுதான் ப்ரோட்டோடைப்; இது கிரேக்கத்திலிருந்து வந்த சொல். ப்ரோட்டோஸ் என்றால் முதல், டைப்போஸ் என்றால் அடித்துப் பதித்த தடம். முன்மாதிரி என்றுதான் பலரும் எழுதுகிறோம், ஆனால் ஒருவரைப் புகழும்போதும் 'முன்மாதிரியான ஆசிரியர்' என்கிறோமே, குறைகளைக் கண்டுபிடிக்கவே செய்கிற ஒன்றுக்கு அந்தச் சொல் எனக்கு ஒட்டவில்லை. வெறும் மாதிரி போதும்.

பெரம்பூர் ரயில் பெட்டித் தொழிற்சாலையான ஐசிஎஃப்பில் 2018இல் உருவான டிரெயின் 18, அதாவது வந்தே பாரத்தின் முதல் ரயில், முழுதாகச் செய்து முடித்த மாதிரி. அதை ஓட்டிப் பார்ப்பதற்கு வெள்ளோட்டம் என்ற அருமையான சொல் நம்மிடம் இருக்கிறது. லோ-ஃபிடெலிட்டி அதற்கு வெகு முன்னால், காகிதத்திலும் அட்டையிலும் நடக்கிற வேலை.

ஃபிடெலிட்டியின் வேர் லத்தீனில் 'நம்பிக்கை' என்று பொருள்படும் சொல். ஒலிப்பதிவில் ஹை-ஃபை என்றால் மூல ஒலிக்கு மிக நெருக்கமானது; வடிவமைப்பிலோ கடைசியில் வரப்போகும் பொருளுக்கு எவ்வளவு நெருக்கம் என்பதுதான் கணக்கு. தரத்தைப் பற்றிய பேச்சே இதில் இல்லை, ஆகவே 'தரம் குறைந்த மாதிரி' என்று தமிழாக்குவது தப்பு. 1996இல் வெளிவந்த பாம் பைலட் என்ற கையடக்கக் கணினிக்காக அதை உருவாக்கிய ஜெஃப் ஹாக்கின்ஸ் முதலில் ஒரு மரத்துண்டைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, அதுதான் கருவி என்று பாவித்து எடுத்து எடுத்துப் பார்த்தார். அளவு கைக்கு அடங்குகிறதா, எதற்கெல்லாம் எடுக்கத் தோன்றுகிறது என்று தெரிந்துகொள்ள அந்தக் கட்டையே போதுமானதாக இருந்தது. நான் 'வரைவு மாதிரி' என்கிறேன். வரைவு என்றாலே இன்னும் அடிக்கலாம், திருத்தலாம் என்று கேட்பவருக்குப் புரிந்துவிடும்.

பொருள் எப்படி இருக்க வேண்டும் என்று அறுதியாக எழுதி வைக்கும் ஸ்பெசிஃபிகேஷன் இதற்கு நேர் எதிர். தமிழில் விவரக்குறிப்பு, நல்ல சொல், அப்படியே வைத்துக்கொள்ளலாம். வண்ணாரப்பேட்டை தையல்காரரிடம் கொடுக்கிற அளவு ஜாக்கெட்டைப் போல, 'இப்படியே வேண்டும், மாற்றாதே' என்பதுதான் அதன் குரல்.

காசிமேட்டில் மீன் ஏலத்துக்கு ஒரு செயலி செய்கிறோம் என்று வையுங்கள். பட்டனைக் காகிதத்தில் வரைந்து ஏலம் விடுபவரிடம் நீட்டினால், எதை முதலில் தேடுகிறார், எங்கே முழிக்கிறார் என்பது அங்கேயே தெரிந்துவிடும், பென்சிலால் அடித்து மாற்றிக்கொள்ளலாம். ஈரக்கையில் தொட்டால் திரை கேட்கிறதா என்பதைக் காகிதம் சொல்லாது, அதற்கு நிஜப் போன் வேண்டும். இரண்டும் பார்த்த பிறகுதான் 'பட்டன் குறைந்தது 48 டிபி, சுமார் 9 மி.மீ.' என்று விவரக்குறிப்பில் எழுத வேண்டும். டிபி என்பது எந்தத் திரையிலும் ஏறக்குறைய ஒரே அளவாகத் தெரியும்படி வைத்த அலகு; அந்த 48 ஆண்ட்ராய்டுக்குக் கூகுள் பரிந்துரைக்கும் குறைந்தபட்ச அளவு, ஏலக்கூடத்துக்கு அதைவிடப் பெரிதாகவே வைக்கலாம்.