சாப்பாடு இருக்கிறதா என்று முதலில் கேட்போம்

புலம்பெயர்ந்து வந்தவர்களுக்கு உணவு ஆலோசனை சொல்வது என் வேலை. சர்க்கரை குறையவில்லை, சொன்னதைக் கேட்பதில்லை என்ற குறிப்போடு என்னிடம் அனுப்பப்படுகிறவர்களோடு கொஞ்ச நேரம் பேசினால் வேறு கதை வெளிவரும். ஒரே அறையில் நாலைந்து பேர், எல்லோருக்கும் ஒரே அடுப்பு, தன் முறை வருவதற்குள் இரவு வேலைக்குக் கிளம்ப வேண்டிய நேரம். அவர் கையில் போய் 'மூன்று வேளையும் நேரத்துக்குச் சாப்பிடவும்' என்று அச்சடித்த தாளைக் கொடுத்து என்ன பயன்?

வந்த புதிதில் இவர்களில் பலர் உள்ளூர்க்காரர்களைவிட ஆரோக்கியமாகவே இருக்கிறார்கள் என்று பல நாடுகளின் ஆய்வுகள் சொல்கின்றன. வருடங்கள் போகப் போக அது தேய்ந்துவிடுகிறது. வாடகையைக் குறைக்க முடியாது, ஊருக்கு அனுப்பும் பணத்தையும் நிறுத்த முடியாது, கைவைக்க முடிவது சாப்பாட்டுச் செலவில் மட்டும்தான் என்பதால் மாதக் கடைசியில் ஒரு வேளை தானாகவே கழன்றுகொள்ளும். மீதி வேளைகளில் மலிவாகக் கிடைக்கிற, சீக்கிரம் வயிற்றை நிரப்புகிற ஏதோ ஒன்று.

இதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை, நாமும் கேட்பதில்லை. கேட்டாலும் நடுவில் பிள்ளை உட்கார்ந்து மொழிபெயர்க்கிறது. "நல்லா சாப்பிடறேன்னு சொல்லு" என்கிறார் அம்மா. பிள்ளைக்குப் போட்டுவிட்டுத் தான் பட்டினி கிடப்பதை அந்தப் பிள்ளையின் வாயாலேயே எப்படிச் சொல்ல வைப்பார்? மருத்துவமனையில் மொழிபெயர்ப்பாளர் உண்டா என்று கேளுங்கள், பல இடங்களில் இலவசமாகவே கிடைக்கும். மருத்துவப் பணியில் இருப்பவர்கள் எதற்காகக் கேட்கிறோம் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் சாப்பாட்டுக்குக் கஷ்டம் என்று சொன்னால் விசாவுக்குப் பிரச்சினை வருமோ என்ற பயம் நிறைய பேருக்கு இருக்கிறது.

1996இல் ரோமில் நடந்த உலக உணவு உச்சி மாநாடு உணவுப் பாதுகாப்புக்கு, அதாவது எல்லோருக்கும் எப்போதும் சாப்பாடு கிடைப்பதற்கு, தந்த விளக்கத்தில் போதுமான, சத்தான உணவோடு விருப்பமான உணவும் இடம்பெற்றிருக்கிறது. அதனால் பழகிய சாப்பாட்டை அடியோடு விடச் சொல்வதை நான் ஏற்பதில்லை. அளவையும் சமைக்கும் விதத்தையும் மாற்றினாலே பெரும்பாலும் போதும்.

எனக்கு அதிகம் கவலை தருவது மருந்து விஷயம். இன்சுலினோ கிளிமிப்பிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரைகளோ எடுத்துக்கொண்டு சாப்பிடாமல் இருந்தால் ரத்தச் சர்க்கரை சட்டென்று இறங்கிவிடும். கை நடுங்கும், வியர்த்துக் கொட்டும், பேச்சு குழறும். அளவு 70 mg/dLக்குக் கீழே போனால் உடனே 15 கிராம் சர்க்கரை, அதாவது மூன்று நாலு தேக்கரண்டி, தண்ணீரில் கலந்து குடித்துவிட்டு 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். மயங்கியவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, அவசர ஊர்தியைக் கூப்பிட வேண்டும். அதற்காக இன்சுலினை நீங்களாகவே நிறுத்திவிடவும் வேண்டாம், அது உயிருக்கே ஆபத்தாகலாம். அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கும்போது, "சில நாள் ஒரு வேளை சாப்பிட முடியாமல் போகிறது, அன்றைக்கு மருந்தை என்ன செய்வது?" என்று நேராகவே கேட்டுவிடுங்கள். அதைக் கேட்ட பிறகு மருந்தையோ அளவையோ மாற்றித் தர அவருக்கு வழி இருக்கிறது.