டிஜிட்டல் குடியுரிமை அல்ல, டிஜிட்டல் குடிமை

இணையத்தில் பொறுப்பாக நடந்துகொள்வதைச் சொல்லும் 'டிஜிட்டல் சிட்டிசன்ஷிப்' என்பதை 'டிஜிட்டல் குடியுரிமை' என்று எழுதும் பழக்கம் திருநெல்வேலிச் சீமைப் பள்ளிக்கூடங்களுக்கும் வந்து சேர்ந்துவிட்டது. பேனரில் பார்த்தேன், பொறுத்துக்கொண்டேன். சான்றிதழில் பார்த்தேன், அப்போதும் வாயைத் திறக்கவில்லை. போன வாரம் ஒரு பள்ளி விழாவில் 'நம் மாணவர்கள் டிஜிட்டல் குடியுரிமை பெற்றுவிட்டார்கள்' என்று ஒருவர் மைக்கில் முழங்க, கூட்டமும் கைதட்டியது. இனியும் சும்மா இருக்க முடியாது.

இந்தப் பெயரில் பிள்ளைகள் செய்வதில் ஒரு குறையும் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் நாலைந்து பேர் சேர்ந்து, காலை வணக்கக் கூட்டத்தில் இரண்டு நிமிடம் பேசுகிறார்கள். ஓடிபி எண்ணை யார் கேட்டாலும் சொல்லக் கூடாது, பணம் பறிபோனால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930க்கு அழைக்க வேண்டும், தோழியின் படத்தை அவளைக் கேட்காமல் குரூப்பில் போடக் கூடாது, இப்படி. மதியம் ஹைடெக் லேபில் ஆறாம் வகுப்புக் குட்டிகளை உட்காரவைத்து, பாடப் புத்தகத்தில் 2018 முதல் அச்சாகிவரும் கியூஆர் கோடைப் போனில் எப்படிக் காட்டுவது, தீக்‌ஷா என்ற கல்வித் தளத்தில் பாடத்தை எப்படித் தேடுவது, 2023இல் வந்த மணற்கேணி செயலியில் என்ன இருக்கிறது என்றெல்லாம் சொல்லித்தருகிறார்கள். சுவரில் ஒரு சார்ட். 'நம் தேசிய கீதத்தை உலகிலேயே சிறந்ததாக யுனெஸ்கோ அறிவித்துவிட்டது' என்று வருஷா வருஷம் சுற்றி வரும் அந்தப் பழைய புளுகைப் பெரிய எழுத்தில் எழுதி, குறுக்கே சிவப்பு மையில் கோடு போட்டு, பக்கத்தில் 'அனுப்புமுன் ஒருமுறை தேடு' என்று எழுதியிருந்தார்கள். தெளிவான தமிழ். அந்த சார்ட்டுக்கு மேலே தொங்கிய தலைப்புத்தான் 'டிஜிட்டல் குடியுரிமை'. அது பிள்ளைகள் எழுதியதல்ல, மேலிருந்து வந்த சுற்றறிக்கைத் தமிழ்.

சான்றிதழை வீட்டுக்குக் கொண்டுபோன ஒரு பையனிடம் அவனுடைய ஆச்சி கேட்டாளாம்: "ஏ எய்யா, நாமதான் இங்கயே பொறந்து இங்கயே கெடக்கோமே, நமக்கு எதுக்குப் புதுசாக் குடியுரிமை? எந்த ஆபீஸ்ல எழுதிக் குடுக்காவ?" அவன் சிரித்துக்கொண்டே என்னிடம் சொன்னான். நான் சிரிக்கவில்லை. ஆச்சி கேட்டதுதான் சரியான கேள்வி.

சொல் பிறந்த கதை சின்னது. லத்தீனில் 'சிவிஸ்' என்றால் ஊரைச் சேர்ந்தவன். 'சிவிட்டாஸ்' என்றால் அப்படிப்பட்டவர்கள் கூடிய சமூகம். அது பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்து 'சிட்டிசன்' ஆயிற்று. 'டிஜிட்டல்' என்பதற்கு மூலம் 'டிஜிட்டஸ்', அதாவது விரல். விரல்விட்டு எண்ணியதால் எண்ணுக்கும் அந்தப் பெயர். நம் பக்கம் 'குடி' என்றால் வீடு, குடும்பம், குலம், மக்கள் கூடி வாழும் ஊர். எங்கள் சீமையில் இதற்கு அகராதி புரட்ட வேண்டியதில்லை, பஸ்ஸின் பெயர்ப்பலகையே போதும்: திருக்குறுங்குடி, உடன்குடி, 1986 வரை இதே மாவட்டத்தில் இருந்த தூத்துக்குடி, கால்டுவெல் 1841இல் வந்து தங்கிய இடையன்குடி.

சரி, சண்டைக்கு வருவோம்.

ஆங்கிலத்தில் 'சிட்டிசன்ஷிப்' இரண்டு வேலை பார்க்கிறது. ஒருவர் எந்த நாட்டுக்காரர் என்று சட்டம் சொல்லும் நிலை ஒன்று. நாலு பேரோடு சேர்ந்து வாழும்போது ஒருவர் நடந்துகொள்ளும் விதம் மற்றொன்று. 'ஷிப்' என்ற ஈறே அப்படித்தான், நிலையையும் சொல்லும், பண்பையும் சொல்லும். அவர்களிடம் இருப்பது ஒரே சொல், அதனால் இரண்டையும் அதிலேயே ஏற்றுகிறார்கள். தமிழில் இரண்டுக்கும் தனித்தனிச் சொல் இருக்கிறது. முதலாவது குடியுரிமை, இரண்டாவது குடிமை. மொழிபெயர்த்தவர் அகராதியைத் திறந்தார், முதலில் கண்ணில் பட்டதை எடுத்துக்கொண்டு மூடிவிட்டார். நடந்தது அவ்வளவுதான்.

'உரிமை' என்று முடியும் சொற்களைக் கொஞ்சம் எண்ணிப் பாருங்கள். வாக்குரிமை, சொத்துரிமை, காப்புரிமை, பதிப்புரிமை. எல்லாமே ஒருவருக்குச் சேர வேண்டியது. கேட்டு வாங்கலாம், தராவிட்டால் வழக்குப் போடலாம். குடியுரிமையும் அதே வரிசைதான். அரசியலமைப்பில் 5 முதல் 11 வரையுள்ள உறுப்புகள் அதைப் பற்றியவை. 1955இல் அதற்குத் தனிச் சட்டமே வந்தது. 2019இல் அந்தச் சட்டத்தைத் திருத்தியபோது டீக்கடை பெஞ்சு வரைக்கும் இந்தச் சொல் இறங்கி, படிக்காதவர்களுக்கும் அதன் பொருள் பிடிபட்டது. யார் இந்த நாட்டுக்காரர், யார் இல்லை என்று பிரிக்கும் சொல் அது. இவ்வளவு கனமான சொல்லைக் கொண்டுவந்து, 'பாஸ்வேர்டைப் பத்திரமாக வைத்துக்கொள்' என்று சொல்லும் பலகைக்குத் தலைப்பாக்கினால் ஆச்சிக்குக் குழப்பம் வராமல் என்ன செய்யும்?

இன்னொரு வேடிக்கை. எஸ்டோனியா நாடு 2014 டிசம்பரிலிருந்து வெளிநாட்டுக்காரர்களுக்கு இணையத்தில் பயன்படுத்த ஓர் அடையாள அட்டை தருகிறது. அதை வைத்து அங்கே கம்பெனி தொடங்கலாம், கையெழுத்திடலாம், ஆனால் போய்க் குடியிருக்க முடியாது. 'டிஜிட்டல் குடியுரிமை' என்று ஒருவர் சொன்னால் எனக்கு முதலில் நினைவு வருவது அந்த அட்டைதான். அந்த நாட்டு அரசோ, 'இது குடியுரிமை அல்ல' என்று தெளிவாகவே சொல்லிவிட்டது. உண்மையான அட்டை தருகிறவனே கூச்சப்பட்டு விலக்கிய சொல்லை நாம் ஏழாம் வகுப்புப் பிள்ளைக்குச் சான்றிதழாக அச்சடித்துக் கொடுக்கிறோம்.

'உரிமையும் சேர்ந்ததுதானே சிட்டிசன்ஷிப்' என்று வாதாடுகிறவர்கள் உண்டு. சேர்ந்ததுதான், ஆனால் எவ்வளவு? அமெரிக்கப் பள்ளிகளில் இந்தக் கருத்தைப் பரப்பிய மைக் ரிபிள் இதை ஒன்பது கூறுகளாகப் பிரித்தார். கருவியும் இணையமும் எல்லாருக்கும் எட்டுவது, வாங்கல் விற்றல், செய்திப் பரிமாற்றம், கற்றறிவு, நாகரிகம், சட்டம், உடலும் மனமும் நலமாக இருப்பது, பாதுகாப்பு, அப்புறம் உரிமைகளும் பொறுப்புகளும். ஒன்பதில் ஒன்றில், அதிலும் பாதி இடம்தான் உரிமைக்கு. அந்தப் பாதியை எடுத்து முழுப் பொருளுக்கும் பெயராக வைத்துவிட்டார்கள். பொறுப்பைச் சொல்லித்தர வந்த பாடத்தின் பெயரில் பொறுப்பைத் தவிர மற்றது இருக்கிறது.

குடிமை என்ன புதுச் சொல்லா? இந்தப் பிள்ளைகளின் சமூக அறிவியல் புத்தகத்திலேயே வரலாறு, புவியியலுக்கு அடுத்து 'குடிமையியல்' என்று ஒரு பகுதி இருக்கிறது. கலெக்டராக ஆசைப்படுகிற அண்ணன்மார் எழுதுவது குடிமைப் பணித் தேர்வு. ரேஷன் அரிசி கடத்தினால் பிடிக்க வருவது குடிமைப் பொருள் வழங்கல் குற்றப் புலனாய்வுத் துறை. தாமிரபரணித் தண்ணீரில் பயிர் செய்கிறவர்களுக்கு இன்னும் நெருக்கமான சொல் ஒன்று இருக்கிறது, குடிமராமத்து. பாளையங்கால்வாயோ கோடகன் காலோ, பாய்ச்சலுக்குமுன் ஊர்க்காரர்களே கூடி வாய்க்காலைத் தூர்வாரி, குளத்தங்கரையைச் செப்பனிடுவது. 2017இல் அரசாங்கம் அதே பெயரில் ஒரு திட்டத்தையே கொண்டுவந்தது. அந்தக் 'குடி'யில் உரிமைப் பேச்சு எங்கே இருக்கிறது? தண்ணீர் எல்லாருக்கும், எனவே மண்வெட்டியும் எல்லார் கையிலும். இணையத்தில் பிள்ளைகள் செய்ய வேண்டியதும் ஏறக்குறைய அதுதான்.

இங்கே ஒரு தமிழாசிரியர் குறுக்கே வருவார். 'ஐயா, குடிமை என்றால் உயர்குடிப் பிறப்பு அல்லவா? திருக்குறளில் 96ஆம் அதிகாரமே அதுதானே?' நியாயமான கேள்வி. தட்டிக்கழிக்க மாட்டேன். அந்த அதிகாரத்தில் பிறப்பின் வாடை இருக்கிறது, மறுப்பதற்கில்லை. ஆனால் அதே வள்ளுவர் ஒழுக்கமுடைமையில் 'ஒழுக்கம் உடைமை குடிமை' என்று மூன்றே சொல்லில் இலக்கணம் வகுத்துவிட்டார். ஒழுக்கம் இருந்தால் அதுவே குடிமை, வேறு சான்று வேண்டாம். குறளுக்கு உரை எழுதிய பரிமேலழகர் அங்கேயும் வருணத்தைக் கொண்டுவந்து நுழைத்தார், அது அவர் காலத்து வழக்கம், நமக்கு அந்தக் கட்டாயம் இல்லை. இன்னும் பின்னால் போனால் தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில், தலைவனும் தலைவியும் ஒத்திருக்க வேண்டியவற்றைச் சொல்லும்போது 'பிறப்பே குடிமை ஆண்மை ஆண்டொடு' என்று தொடங்குகிறார். பிறப்பு வேறு, குடிமை வேறு என்று தனித்தனியாக எண்ணுகிறார். இரண்டும் ஒன்றென்றால் இரண்டு தடவை சொல்லியிருக்க மாட்டார்.

அந்த 96ஆம் அதிகாரத்திலேயே இந்தப் பிள்ளைகளுக்கென்று எழுதியதுபோல ஒரு குறள் கிடக்கிறது: 'நகையீகை இன்சொல் இகழாமை நான்கும் வகையென்ப வாய்மைக் குடிக்கு.' சிரித்த முகம், கொடுக்கும் கை, இனிய பேச்சு, பிறரை இகழாமை. வகுப்பு வாட்ஸப் குரூப்புக்கு இதைவிட நல்ல விதிமுறை யாராவது எழுதிக்காட்டட்டும் பார்ப்போம். நல்ல பாடக் குறிப்பு கையில் இருந்தால் பகிர்ந்துகொள்வது ஈகை. அடுத்தவன் போட்ட படத்துக்குக் கீழே போய் நிறத்தையும் பல்லையும் கிண்டல் பண்ணாமல் இருப்பது இகழாமை. 'சைபர்புல்லியிங்'குக்கு 'இணையவழிக் கொடுமைப்படுத்துதல் தடுப்பு' என்று மூச்சு முட்ட எழுதுகிறார்களே, அங்கே வைக்கவும் இகழாமை பொருந்தும்.

குடிமகன் என்றதும் டாஸ்மாக் நினைவு வந்து சிரிக்கிறார்கள் என்பது இன்னொரு ஆட்சேபம். அது குடிமகனுக்கு வந்த சோதனை. எங்கள் பக்கத்துப் பழைய பேச்சில் ஊருக்கு முடிவெட்டுகிறவரை அந்தச் சொல்லால் அழைப்பார்கள், அதில் சாதித் திமிர் ஒட்டியிருந்தது. குடிமை என்ற சொல்லில் இந்த இரண்டு கறையும் படியவில்லை. குடிமையியல் பாட வேளையில் எந்தப் பையனும் குடியைப் பற்றிச் சிரித்து நான் பார்த்ததில்லை. அது போரடிக்கிறது என்றுதான் சொல்வார்கள்.

இதில் எனக்கு அதிகக் கோபம் தூய தமிழ்க்காரர்கள் மேல்தான். நானும் அந்தக் கூட்டம்தான், அந்த உரிமையில் சொல்கிறேன். அவர்கள் இந்தத் தொடரைப் பார்த்ததும் பாய்வது 'டிஜிட்டல்' மேலே. எண்ணிமம் என்பார் ஒருவர், எண்முறை என்பார் இன்னொருவர், இலங்கைக்காரர்கள் இலக்கமுறை என்று எழுதுகிறார்களே என்பார் மூன்றாமவர், மின்னணு போதுமே என்று ஒருவர் அதற்குள் வந்துவிடுவார். நாலு பேரும் அடித்துக்கொண்டு கடைசியில் 'எண்ணிமக் குடியுரிமை' என்று திருத்தி எழுதிவிட்டு, தமிழைக் காத்த நிம்மதியில் வீட்டுக்குப் போவார்கள். பிழை இருந்த பாதியை ஒருவரும் தொடவில்லை! அது தமிழ்ச் சொல்லாக இருந்ததால் சோதனையில்லாமல் உள்ளே விட்டுவிட்டார்கள். கடன்வாங்கிய 'டிஜிட்டல்' யாரையும் குழப்பவில்லை, டிஜிட்டல் பேனர் அடிக்கிற கடையை எல்லாருக்கும் தெரியும். ஆச்சியைக் குழப்பியது சுத்தமான தமிழ்ச் சொல்.

என்னைக் கேட்டால் 'டிஜிட்டல் குடிமை' என்றே எழுதலாம். ஆங்கிலம் உறுத்தினால் 'இணையக் குடிமை' என்று வைத்துக்கொள்ளுங்கள். டிஜிட்டலில் இணையம் இல்லாததும் உண்டு என்று ஒருவர் நுணுக்கம் பேசலாம், பள்ளிக்கூடத்தில் பேச்சு வருவதெல்லாம் இணையம் உள்ள போனைப் பற்றித்தான். 'மின்குடிமை' வேண்டாம், கரண்ட் பில் விவகாரம்போல ஒலிக்கிறது. எண்ணிமம் நல்ல ஆக்கம்தான், கட்டுரைகளில் எழுதுங்கள், நானும் எழுதுகிறேன். ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கு முன்னால் இரண்டு புதுச் சொல்லை ஒரே நேரத்தில் வைக்க வேண்டாம் என்பதுதான் என் கட்சி.

சைவ சித்தாந்த நூற்பதிப்புக் கழகம் 1920இல் பிறந்த ஊர் இது. 1930களில் சென்னை மாகாணத் தமிழ்ச் சங்கத்தின் கலைச்சொல் வேலைக்குத் தோள் கொடுத்த இ.மு. சுப்பிரமணிய பிள்ளையும் நெல்லைக்காரர். அந்தக் காலத்தில் ஒரு சொல்லை ஏற்றுக்கொள்ளுமுன் அந்தந்தப் பாடம் நடத்துகிறவர்களை உட்காரவைத்துப் பேசினார்கள். இப்போது ஒரு பெட்டியில் ஆங்கிலத்தை ஒட்டினால் அடுத்த பெட்டியில் தமிழ் விழுகிறது, அது அப்படியே பிரிண்டுக்குப் போகிறது. 'உங்கள் டிஜிட்டல் காலடித் தடத்தை நிர்வகியுங்கள்' என்றுகூட ஒரு சுவரொட்டி பார்த்தேன். தடத்தை யார் நிர்வகிப்பார்கள்? 'இணையத்தில் நீ விட்ட தடம் அழியாது, பார்த்து நட' என்றால் முடிந்தது.

அப்புறம் இந்தத் 'தூதர்'. பொறுப்பேற்ற மாணவர்களை 'டிஜிட்டல் குடியுரிமைத் தூதர்கள்' என்கிறார்கள். தூது ஓரிடத்திலிருந்து வேறிடத்துக்குப் போவது. சொந்தப் பள்ளிக்கூடத்தில் சொந்தத் தம்பி தங்கைகளுக்குச் சொல்லித்தருகிற பிள்ளை எந்த நாட்டுக்குத் தூது போகிறது? 'குடிமைக் குழு' என்றால் போதும். ஆறாம் வகுப்பில் விசாரித்தேன், அங்கே யாருக்கும் தூதர் என்ற பெயரே தெரியவில்லை. கியூஆர் கோடு காட்டச் சொல்லித்தந்த பெண்ணுக்குக் 'கியூஆர் அக்கா' என்றே பேர் விழுந்திருக்கிறது.