வலைக்குண்டு ஈயம் குழந்தையின் எலும்புக்குப் போவது எப்படி?

கடலூர் தேவனாம்பட்டினம் பக்கமோ முதுநகர் துறைமுகம் பக்கமோ வீச்சுவலை கட்டுகிற இடத்தில் நின்று பார்த்தவர்களுக்கு ஈயக்குண்டு தெரிந்திருக்கும். வலையின் அடிக்கயிற்றில் வரிசையாகக் கோத்திருப்பார்கள், வலை தண்ணீரில் சட்டென்று இறங்கித் தரை தட்டுவது அதன் கனத்தால்தான். ஈயம் 327 டிகிரி செல்சியஸிலேயே உருகிவிடும், ஒரு விறகடுப்பும் பழைய இரும்புச் சட்டியும் போதும், பழைய குண்டோ பேட்டரித் தகடோ எது கிடைத்தாலும் உருக்கி அச்சில் ஊற்றிக்கொள்ளலாம். ஊற்றுகிறவர் கையைச் சுட்டுக்கொள்ளாமல் பார்த்துக்கொள்வார், சரி. ஆனால் உருகிய ஈயத்தின் மேல் சாம்பல் நிறத்தில் ஏடு கட்டும், அதைக் கரண்டியால் வழித்து ஓரமாகக் கொட்டுவார்கள் பாருங்கள், வில்லங்கம் அங்கேதான். அது ஈய ஆக்சைடு. ஆறியதும் பொடியாக உதிரும், லுங்கியில் ஒட்டும், காலோடு வீட்டுக்குள் வந்து பாயில் படியும். அந்தப் பாயில் எட்டு மாதக் குழந்தை தவழும், தவழ்ந்த கை நேராக வாய்க்குப் போகும்.

ஈயக்கட்டியைத் தொட்டதாலேயே ஒன்றும் ஆகிவிடாது, தோல் வழியாக அது அவ்வளவாக உள்ளே போகாது. தூசியாகி வாய்க்கோ மூக்குக்கோ போகவேண்டும். அப்படிப் போனால், பெரியவர்களைவிடக் குழந்தைகள் 4 முதல் 5 மடங்கு அதிகமாக உறிஞ்சிக்கொள்கிறார்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். வளர்கிற உடம்புக்குக் கால்சியமும் இரும்பும் ஓயாமல் வேண்டும், அதனால் குடல் அவற்றை வாரி எடுக்கவே காத்திருக்கிறது. ஈய அயனிக்கும் கால்சியத்தைப் போலவே இரண்டு நேர்மின்னேற்றம். கல்யாணத்தில் மாப்பிள்ளை வீட்டார் மாதிரி பந்தியில் உட்கார்ந்துவிடுகிற ஆள் போல அதுவும் கேள்விமுறை இல்லாமல் உள்ளே போய்விடுகிறது. இரும்புச்சத்து குறைந்த குழந்தையின் குடலில் இரும்பை இழுக்கிற புரதங்கள் கூடுதலாக உருவாகும், அவற்றின் வழியாக ஈயமும் கூடுதலாகப் போகும். போன ஈயம் ரத்தத்தில் ஹீமோகுளோபின் தயாராவதைத் தடுத்து, இருக்கிற சோகையை இன்னும் மோசமாக்கும். அங்கன்வாடியில் கொடுக்கிற இரும்புச்சத்து மருந்தை வீட்டு அலமாரியில் தூங்கவிடாதீர்கள் என்று நான் நச்சரிப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

ரத்தத்தில் ஈயம் நெடுநாள் தங்காது, மாதத்துக்குச் சுமார் பாதி குறையும். குறைவது எல்லாம் வெளியே போய்விடுவதில்லை, ஒரு பகுதி கால்சியம் இருக்கவேண்டிய எலும்பில் போய்ப் பல வருடம் உட்கார்ந்துகொள்கிறது. பெண் குழந்தை வளர்ந்து கர்ப்பமாகும்போது எலும்பிலிருந்து கால்சியம் கரையும், கூடவே பழைய ஈயமும் கரைந்து நஞ்சுக்கொடி வழியாக அடுத்த தலைமுறைக்குப் போகும். மூளை கதையும் கால்சியம் கதைதான். நரம்பு செல்கள் ஒன்றுக்கொன்று தகவல் அனுப்புவதே கால்சியத்தை நம்பி, அந்த இடத்தில் ஈயம் குறுக்கே விழுந்தால் படிப்பு, கவனம், பொறுமை எல்லாம் அடி வாங்கும். அளவு மிக அதிகமாகாத வரை காய்ச்சலோ வாந்தியோ வந்து காட்டிக்கொடுக்காது. 2009இல் வெளியான ஒரு சென்னை ஆய்வில் 3 முதல் 7 வயது வரையிலான 756 குழந்தைகளின் ரத்தத்தில் ஈயம் சராசரியாக டெசிலிட்டருக்கு 11.4 மைக்ரோகிராம் இருந்தது, அளவு கூடக்கூட ஆசிரியர்கள் குறித்த பதற்றமும் கவனக்குறைவும் கூடியிருந்தன. பாதுகாப்பான அளவு என்று ஒன்றே கிடையாது. அமெரிக்காவில் 3.5 தாண்டினாலே எங்கிருந்து வருகிறது என்று தேடச் சொல்கிறார்கள்.

கடலூரில் விஷம் என்று பேச்சை எடுத்தால் எல்லாரும் சிப்காட் தொழிற்பேட்டை பக்கம் கை காட்டுவார்கள். அந்தக் கோபம் நியாயமானது, ஆனால் ஈயத்தைப் பொறுத்தவரை அதைத் தேடி அவ்வளவு தூரம் போகவேண்டியதில்லை. ஈயம் கலந்த பெட்ரோல் இந்தியாவில் 2000இலேயே நின்றுவிட்டது. வீட்டுப் பெயின்ட்டில் 90 பிபிஎம்முக்கு (பத்து லட்சம் பங்கில் 90 பங்குக்கு) மேல் ஈயம் கூடாது என்ற விதி 2016இல் வந்து 2017 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. ஆனால் அதற்கு முன் அடித்த எனாமல் கதவிலும் ஜன்னலிலும் கிரில்லிலும் அடுக்கடுக்காக அப்படியே இருக்கிறது, மஞ்சளும் சிவப்பும் ஆரஞ்சும்தான் அதில் அதிகச் சந்தேகத்துக்குரியவை. புதுச்சேரியில் பழைய வீட்டை விடுதியாக மாற்றுகிறார்கள், நூறு வருடக் கதவைக் கழற்றி நடைபாதையில் வைத்து உப்புத்தாள் போட்டுத் தேய்க்கிறார்கள், தூசி தெரு முழுக்கப் பறக்கிறது. தண்ணீர் தொட்டு வாட்டர் பேப்பரால் தேய்த்தால் பாதித் தொல்லை தீரும். அப்புறம், அந்த விதி வீட்டுப் பெயின்ட்டுக்கும் அலங்காரப் பெயின்ட்டுக்கும்தான், தொழிற்சாலை வகைகளுக்கு இல்லை. இரும்புக்கு அடித்த மிச்ச டப்பாவை எடுத்து மாட்டுப்பொங்கலன்று பிள்ளைகள் கையில் கொடுத்து கொம்புக்கு அடிக்கச் சொல்லாதீர்கள்.

சமையலறையில் ரசம் வைக்கிற ஈயச்சொம்பு இருக்கிறதே, அது வெள்ளீயமாக (டின்) இருந்தால் பயமில்லை. காரீயம், அதாவது நாம் இதுவரை பேசிய ஈயம், கலந்திருந்தால் புளியும் தக்காளியும் அதைக் கரைத்து ரசத்தில் இறக்கிவிடும். பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான். நகைக்கடையில் தங்கத்தின் சுத்தம் பார்க்கிற எக்ஸ்ரே மிஷின் எந்த முறையில் வேலை செய்கிறதோ அதே முறையில் ஈயத்தையும் கண்டுபிடிக்க முடியும். கடையில் வாங்குகிற சுர்மா என்ற கண்மை, விலை மலிவான ஆரஞ்சு செந்தூரம் இரண்டையும் குழந்தை பக்கம் கொண்டுபோகாதீர்கள், விளக்குக் கரியில் வீட்டிலேயே எடுத்த மை அந்த வகையில் எவ்வளவோ மேல்.

விழிப்புணர்வு என்றதும் நாம் செய்வது என்ன? தாய்மார்களைக் கூட்டி, கை கழுவுங்கள், தரையைத் துடையுங்கள் என்று சொல்லி ஒரு நோட்டீஸ் கொடுத்து அனுப்புவது. கை கழுவுவது நல்லதுதான், ஆனால் இப்படிச் செய்த ஆய்வுகளை எல்லாம் சேர்த்துப் பார்த்த காக்ரேன் தொகுப்பு, அறிவுரையும் வீட்டைத் துடைப்பதும் மட்டும் குழந்தைகளின் ரத்த ஈயத்தைக் குறைத்ததற்கு ஆதாரம் இல்லை என்கிறது. தூசி வந்துகொண்டே இருக்கும்போது அம்மா எத்தனை தடவைதான் துடைப்பார்? வங்கதேசத்தில் வேறு மாதிரி செய்தார்கள். சமையல் மஞ்சளுக்குப் பளபளப்பு ஏற்ற ஈயக் குரோமேட் பூசுகிறார்கள் என்று 2019இல் தெரியவந்ததும், வியாபாரிகளிடமும் மில்காரர்களிடமும் நேராகப் போனார்கள், சந்தையில் நோட்டீஸ் ஒட்டினார்கள், கையடக்க எக்ஸ்ரே கருவியோடு சோதனை போட்டு அபராதம் விதித்தார்கள். கலப்பட மாதிரிகள் 47 சதவீதத்திலிருந்து 2021இல் பூஜ்யத்துக்கு வந்தன.

அதனால் நம்மூரில் கூட்டம் போட்டால் முன்வரிசையில் பெயின்டரும், வலை கட்டுகிறவரும், பழைய பேட்டரி எடுக்கிற காயலான் கடைக்காரரும் உட்காரவேண்டும் என்பது என் கட்சி. ஈயம் உருக்குவதை வீட்டு வாசலிலிருந்து அப்புறப்படுத்துவது, வேலைத்துணியைத் தனியாகத் துவைப்பது, செத்த இன்வெர்ட்டர் பேட்டரியை உடைக்காமல் புதுசு வாங்குகிற கடையிலேயே திருப்பிக் கொடுப்பது எல்லாம் அவர்கள் கையில்தான் இருக்கிறது. சுயஉதவிக் குழு அக்காமார்கள் ஒரு தெருவில் இறங்கிப் பேசினால் நடக்காத காரியம் இல்லை.

சந்தேகம் இருந்தால் டாக்டரிடம் கேட்டு ரத்தத்தில் ஈய அளவு பார்க்கலாம், பெரிய ஆய்வகங்களில் செய்கிறார்கள். பொதுவாக டெசிலிட்டருக்கு 45 மைக்ரோகிராமுக்கு மேல் போனால்தான் ஈயத்தைப் பிடித்து வெளியேற்றும் மருந்து கொடுப்பார்கள், அதுவும் மூளைக்கு ஆன சேதத்தைத் திருப்பித் தராது. டாக்டர் வீட்டில் யார் என்ன வேலை செய்கிறார்கள் என்று கேட்டால் பேட்டரி, பெயின்ட், குண்டு வார்ப்பு, நாட்டு மருந்துக் கடையில் வாங்கிய உலோகப் பற்பம் எதையும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள், ஈயம் எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் மருந்து கொடுத்து அனுப்பினால் பிள்ளை அதே வீட்டுக்குத்தான் திரும்பிப் போகும், அளவும் திரும்ப ஏறும்.