முப்பது கிலோமீற்றர் தூரம் பார்க்க என்ன விலை?

பருத்தித்துறை வெளிச்சவீட்டின் உயரம் 32 மீற்றர். 1916இல் அதைக் கட்டியவர்களுக்கு, விளக்கை எவ்வளவு உயரத்தில் ஏற்றினால் எவ்வளவு தூரத்துக் கப்பலுக்குத் தெரியும் என்ற கணக்கு அத்துப்படி. பூமி வளைந்திருப்பதால் கடலின் மேற்பரப்பே சிறிது தூரத்துக்கு அப்பால் உள்ளவற்றை மறைத்துவிடுகிறது. உயரத்தை மீற்றரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 3.57ஆல் பெருக்கினால் அடிவானம் எத்தனை கிலோமீற்றர் தூரத்தில் இருக்கிறது என்ற விடை கிடைக்கும். 32 மீற்றர் உயரத்துக்கு இருபது கிலோமீற்றர்.

கடல் எல்லையைக் கண்காணிக்கும் ரேடாருக்கும் இதே கணக்குத்தான். ரேடியோ அலை காற்றில் சற்றுக் கீழ்நோக்கி வளைந்து செல்வதால் 3.57க்குப் பதிலாக 4.12 என்று வைத்துக்கொள்ளலாம்; அதற்கு மேல் சலுகை கிடையாது. எல்லைப் பாதுகாப்புக்கு எத்தனை கோடி ஒதுக்கினார்கள் என்று விவாதிக்கும்போது யாரும் இந்த வர்க்கமூலத்தைப் பற்றிப் பேசுவதில்லை. அந்தக் கோடிகள் எங்கே கரைகின்றன என்பதில் நிதி அமைச்சரைவிட அதற்குத்தான் அதிகாரம் அதிகம்.

யாழ்ப்பாணத்து எல்லையையே எடுத்துப் பார்ப்போம். இலங்கையும் இந்தியாவும் 1974இல் செய்துகொண்ட உடன்படிக்கையில் கடல் எல்லைக்கோட்டின் முதற்புள்ளி வடக்கு அகலக்கோடு 10 பாகை 5 கலை, கிழக்கு நெடுங்கோடு 80 பாகை 3 கலை. காங்கேசன்துறைக் கரையில் நின்று நேரே வடக்கே பார்த்தால் அந்தப் புள்ளி ஏறத்தாழ 16 கடல்மைல் தொலைவில், அதாவது 30 கிலோமீற்றரில் இருக்கிறது. கரையில் 25 மீற்றர் உயரக் கோபுரம் ஒன்றில் ரேடார் பூட்டுகிறோம் என்று வையுங்கள். 25இன் வர்க்கமூலம் 5; அதன் அடிவானம் 20.6 கிலோமீற்றர். தேடப்படும் பொருளுக்கும் உயரம் உண்டு, அதையும் கூட்டவேண்டும். நீர்மட்டத்திலிருந்து ஒரு மீற்றர் மட்டுமே எழுந்து நிற்கும் ஃபைபர் படகுக்கு 4.1 கிலோமீற்றர். ஆக 24.7. எல்லைக்கோடு இன்னும் ஐந்து கிலோமீற்றர் அப்பால் கிடக்கிறது.

அந்த ஐந்து கிலோமீற்றரை எட்ட, கோபுரத்தை 40 மீற்றருக்கு உயர்த்தவேண்டும். எதிரே தமிழ்நாட்டுக் கோடிக்கரை வரை, அதாவது ஏறத்தாழ 55 கிலோமீற்றர் பார்க்கவேண்டுமானால் 150 மீற்றருக்கு மேல் வேண்டும். கொழும்புத் தாமரைக் கோபுரத்தின் கிட்டத்தட்டப் பாதி உயரம் அது. குடாநாடு தட்டையான சுண்ணக்கல் நிலம். உச்சியில் கருவியை வைக்க ஒரு குன்றுகூட இல்லை. ஒவ்வொரு மீற்றரும் இரும்பும் சீமெந்துமாகக் காசு கொடுத்து எழுப்ப வேண்டிய உயரம்.

உயரம் கிடைத்துவிட்டாலும் அடுத்த தடை காத்திருக்கிறது. ரேடார் அனுப்பும் அலை போகும்போது பரவி மெலிகிறது. படகில் பட்டுத் திரும்பும்போது மறுபடியும் பரவி மெலிகிறது. இரண்டு தடவையும் தூரத்தின் வர்க்கத்துக்கேற்ப இழப்பதால், திரும்பிவரும் எதிரொலி தூரத்தின் நாலாம் அடுக்குக்கேற்பக் குறைகிறது. பத்து கிலோமீற்றரில் ஒரு படகைக் காணும் கருவி, அதே படகை இருபது கிலோமீற்றரில் காண 16 மடங்கு வலு வேண்டும். முப்பதில் காண 81 மடங்கு. மும்மடங்கு தூரத்துக்கு மும்மடங்கு பணம் போதும் என்று நினைத்துத் திட்டம் தீட்டுகிறவர் இந்த இடத்தில்தான் அகப்பட்டுக்கொள்கிறார். பெரிய அன்ரனா, நுட்பமான வாங்கி, கூர்மையான கணினி நிரல் என்று வலுவை வேறு வழிகளிலும் ஈடுகட்டலாம்; எதுவும் மலிவு கிடையாது.

ஃபைபர் படகின் உடலான கண்ணாடி இழையும் பிசினும் ரேடியோ அலையைப் பெரும்பாலும் ஊடுருவ விட்டுவிடும். ஃபைபர் படகிலிருந்து திரும்பிவருவது வெளியிணைப்பு இயந்திரமும், எரிபொருள் கலனும், ஈர வலையும், உள்ளே இருக்கும் ஆட்களும் தரும் சிறு எதிரொலி. வாடைக் காற்று வீசும் மாதங்களில் வடகடலில் எழும் அலைகள் அதே அளவு எதிரொலியைத் தாமும் அனுப்பும். திரையில் எங்கும் புள்ளிகளாக நிறைந்திருக்கும். அன்ரனா மூன்று வினாடிக்கு ஒரு தடவை சுழல்கிறது என்றால், அடுத்தடுத்த சுற்றுகளைக் கணினி ஒப்பிட்டுப் பார்க்கிறது. அலையின் புள்ளி தோன்றி மறையும். படகின் புள்ளி ஒரு திசையில் ஊர்ந்துகொண்டிருக்கும். படகே இரண்டு அலைகளுக்கு இடையில் தாழ்ந்து மறைந்து மறைந்து எழுந்தால் அந்த ஒப்பீடும் திணறும். வெப்பத்தைக் காணும் கமெராக்கள் இரவில் இயந்திரச் சூட்டைப் பிடித்துவிடும், ஆனால் ஈரப்பதன் மிகுந்த காற்று அவற்றின் பார்வையைத் தின்றுவிடுகிறது. அடிவானம் அவற்றுக்கும் அடிவானமே.

சில நாட்களில் இயற்கை இலவசமாக உதவுவதும் உண்டு. கடலை ஒட்டிய ஈரக் காற்று ஒரு படையாகவும் மேலே உலர்ந்த காற்று வேறு படையாகவும் படிந்துவிட்டால், ரேடியோ அலை அந்தக் கீழ்ப்படைக்குள் அகப்பட்டு, கடலைத் தழுவியபடி அடிவானத்துக்கு அப்பாலும் போகும். காரைக்கால் பண்பலை வானொலியைக் கேட்டு வளர்ந்த யாழ்ப்பாணத்தாருக்கு வானலை கடல் தாண்டி வருவது புதிதல்ல. ரேடாருக்கும் அப்படிச் சில இரவுகள் வாய்க்கின்றன. ஆனால் காற்று மனம்வைக்கும் இரவை நம்பி எந்தக் கடற்படையும் காவல் அட்டவணை போட முடியாது.

உயரத்தை வாங்க இன்னொரு வழி விமானம். 3,000 மீற்றர் உயரத்தில் பறந்தால் ரேடார் அடிவானம் 226 கிலோமீற்றர். பாக்கு நீரிணையும் மன்னார் வளைகுடாவும் ஒரே பார்வைக்குள் வந்துவிடும். 2022 ஓகஸ்ட்டில் இந்தியா கொடுத்த டோர்னியர் 228 விமானமும், 2024 டிசம்பரில் அவுஸ்திரேலியா அன்பளிப்பாகக் கொடுத்த கிங் எயார் 350 விமானமும் இந்தக் கணக்கில்தான் வருகின்றன. அடிவானம் அகன்றாலும் நாலாம் அடுக்கு விதி போய்விடுவதில்லை. பெரிய கப்பல் தெரியும் தூரத்தில் ஃபைபர் படகு தெரியாது. கோபுரம் இரவு பகலாக நிற்கும். விமானம் எரிபொருள் தீர்ந்ததும் இறங்கிவிடும்.

அவுஸ்திரேலியா ஏன் எங்கள் கடலைப் பார்க்க விமானம் தரவேண்டும்? இதற்கும் ஒரு வடிவியல் விடை இருக்கிறது. அந்நாட்டில் தஞ்சம் தேடுவோரை ஏற்றிக்கொண்டு மணிக்கு 12 கிலோமீற்றர் வேகத்தில் ஒரு படகு கரையை விட்டுப் புறப்படுகிறது, திசை தெரியாது. ஒரு மணி நேரம் கழித்து அது 12 கிலோமீற்றர் ஆரமுள்ள அரைவட்டத்துக்குள் எங்கோ இருக்கும். தேடவேண்டிய பரப்பு 226 சதுர கிலோமீற்றர், யாழ் மாவட்டத்தின் கால்வாசிகூட இல்லை. ஒரு நாள் கழிந்தால் ஆரம் 288 கிலோமீற்றராகிவிடும்; பரப்பு 1,30,000 சதுர கிலோமீற்றர். இரண்டு இலங்கைத் தீவுகள்! நேரம் 24 மடங்கானபோது தேடும் பரப்பு 576 மடங்காகிவிட்டது. திருகோணமலையிலிருந்து அவுஸ்திரேலியாவின் கொக்கோஸ் தீவுகளுக்கு ஏறத்தாழ 3,000 கிலோமீற்றர். அந்தப் பெருங்கடலில் ஒரு மீன்பிடிப் படகைத் தேடுவதைவிட அது புறப்படும் கரையிலேயே காவலுக்குப் பணம் கொடுப்பது எத்தனையோ மடங்கு மலிவு.

2013 நொவெம்பரில் கொழும்பில் பொதுநலவாய மாநாடு நடந்தபோது அன்றைய அவுஸ்திரேலியப் பிரதமர் ரொனி அபொட் இரண்டு ரோந்துக் கப்பல்களைத் தருவதாக அறிவித்ததன் பின்னால் இந்தக் கணக்கு இருந்தது. பின்னர் நெடுநாள் மீன்பிடிப் படகுகளுக்குச் செய்மதி வழியாக இருப்பிடத்தை அறிவிக்கும் கருவிகளையும் அந்நாடு வழங்கியது. ஒரு நாட்டின் குடிவரவுக் கட்டுப்பாட்டுச் செலவு இன்னொரு நாட்டின் கடற்கரையில் போய் விழுகிறது. படகில் ஏறுகிறவர் எதற்குத் தப்பி ஓடுகிறார் என்ற கேள்வி இந்தக் கணக்கில் எங்குமே வராது என்பதையும் சொல்லியாகவேண்டும். போர்க்காலத்தில் கடல் கடந்து உயிர் தப்பியவர்களின் ஊரில் இருந்துகொண்டு அதை விட்டுவிட்டு எழுத முடியாது.

செய்மதிக் கருவிகளின் சூட்சுமம் வேறு வகையானது. ரேடார் தானே தேடுகிறது. இவற்றில் தேடப்படுபவரே தன் இருப்பிடத்தைச் சொல்லிவிடுகிறார். சர்வதேசப் பயணம் செய்யும் 300 தொன்னுக்கு மேற்பட்ட கப்பல்கள் தங்கள் பெயர், இடம், வேகம் ஆகியவற்றை வானொலி அலையில் இடைவிடாது அறிவிக்கவேண்டும் என்பது சர்வதேச விதி. காங்கேசன்துறைத் துறைமுகத்தில் நாகபட்டினக் கப்பலில் வந்திறங்குபவரின் கடவுச்சீட்டும் அப்படித்தான். அடியிலுள்ள இரண்டு வரிகளில் வரிக்கு 44 எழுத்துகள். கடவுச்சீட்டு இலக்கத்தின் ஒவ்வொரு எழுத்துக்கும் உரிய எண்ணை 7, 3, 1 என்று மாறி மாறிப் பெருக்கிக் கூட்டி, பத்தால் வகுத்து வரும் மீதியே பக்கத்தில் நிற்கும் சரிபார்ப்பு இலக்கம். ஒரு எழுத்தைத் திருத்தினால் பெரும்பாலும் கணக்கு உதைத்துவிடும். இந்தச் சோதனைக்குச் செலவு அனேகமாகப் பூச்சியம். கடவுச்சீட்டுக்கும் விசாவுக்கும் கட்டணம் வாங்குவதால் குடிவரவு குடியகல்வுத் திணைக்களம் அரசுக்கு வருமானம் ஈட்டும் திணைக்களங்களில் ஒன்றாகவும் இருக்கிறது. பணத்தை விழுங்குவது, சொல்லாமல் வருகிறவரைத் தேடும் பகுதி.

கண்டுபிடித்தாயிற்று என்றே வைத்துக்கொள்வோம். இனிப் போய் மறிக்கவேண்டும். கடலில் ஓர் இடத்தில் எப்போதும் ஒரு ரோந்துப் படகு நிற்கவேண்டுமானால் மூன்று படகுகள் வேண்டும் என்பது கடற்படைகளின் பழைய கைக்கணக்கு: ஒன்று கடலில், ஒன்று திருத்தத்தில், ஒன்று மாலுமிகள் ஓய்வெடுக்கவும் போகவர எடுக்கும் நேரத்துக்கும். கனமான கப்பல் வேகத்தை இருமடங்காக்க ஏறத்தாழ எட்டு மடங்கு வலு கேட்கும். எரிபொருளும் அதற்கேற்ப எரியும். அமெரிக்கா கொடுத்த கஜபாகு 115 மீற்றர் நீளம். ஆழ்கடலுக்கு அருமையான கப்பல். ஆனால் நெடுந்தீவைச் சுற்றியுள்ள ஆழமற்ற நீரில் படகை விரட்ட அது உதவாது. அங்கே ஓடுவது டோரா போன்ற சிறு அதிவேகப் படகுகள். அவற்றின் எரிபொருள் தாகமோ சொல்லிமாளாது.

அதனால்தான் எல்லைச் செலவின் பெரும்பகுதி புகைப்படத்தில் அகப்படுவதில்லை. இலங்கையின் 2025ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் பாதுகாப்பு அமைச்சுக்கு ஏறத்தாழ 442 பில்லியன் ரூபா ஒதுக்கப்பட்டது. அதில் பெரும்பங்கு மீண்டெழும் செலவு, அதாவது சம்பளம், உணவு, எரிபொருள், பராமரிப்பு. ‘எல்லைப் பாதுகாப்பு’ என்று தனியே ஒரு வரி கிடையாது. கடற்படைக்கு ஒரு தலைப்பு, 2009ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவான கரையோரக் காவல் திணைக்களத்துக்கு ஒன்று, குடிவரவு குடியகல்வுக்கு வேறொன்று. கப்பலை வெளிநாடு அன்பளிப்பாகத் தரலாம். அதை ஆண்டு முழுவதும் ஓட்டும் டீசலுக்கு நாங்கள்தான் பணம் கட்டவேண்டும்.

வடமராட்சியிலும் தீவகத்திலும் மீனவர்கள் கேட்கும் கேள்விக்கும் இங்கே ஒரு பகுதி விடை உண்டு. இந்திய இழுவைமடிப் படகுகள் கிழமையில் மூன்று நாள் கூட்டமாக எல்லை தாண்டி வருகின்றன, வலைகளை அறுத்துக்கொண்டு போகின்றன. அத்தனை ரேடார் இருந்தும் தெரியவில்லையா? நன்றாகவே தெரியும். உயர்ந்த சுக்கான் அறையும் வலையை இழுக்கும் இரும்புச் சுருள்பொறியும் உள்ள அந்தப் படகுகள் ரேடாருக்கு மிக இலகுவான இலக்குகள். 2017இல் இலங்கை இழுவைமடியைச் சட்டத்தால் தடைசெய்தும் விட்டது. நூறு புள்ளிகள் ஒரே இரவில் திரையில் தோன்றும்போது மறிக்கப் போவதற்கு எத்தனை படகு, எத்தனை லீற்றர் டீசல், பிடித்துவந்தால் கட்டிவைக்க எத்தனை இடம் என்பதுதான் அங்கே இடிக்கிறது. புதுடில்லியைப் பகைக்கவேண்டுமா என்ற கேள்வி வேறு. அதற்கு ரேடார் விடை சொல்லாது.

இந்தக் கணக்குக்கு எதிர்ப்பக்கமும் உண்டு. 2022 டிசம்பரில் வெற்றிலைக்கேணிக்கு அப்பால் தத்தளித்த படகிலிருந்து நூற்றுக்கு மேற்பட்ட ரோகிங்யா அகதிகள் மீட்கப்பட்டு காங்கேசன்துறைக்குக் கொண்டுவரப்பட்டபோது, ஐ.நா. அகதிகள் நிறுவனம் கடற்படையோடு சேர்த்து உள்ளூர் மீனவர்களுக்கும் நன்றி சொன்னது. இரவில் கடலில் நிற்கும் ஒவ்வொரு வள்ளத்திலும் இரண்டு சோடிக் கண்கள் இருக்கின்றன. அவை எல்லைக்கோடு வரைக்கும் போகின்றன, கோபுரம் கேட்பதில்லை, எந்தத் தலைப்பின் கீழும் அவற்றுக்கு ஒரு சதம் ஒதுக்கப்படுவதும் இல்லை.